யெகோவா யீரேவுக்கு எப்படி ஆடுவது? கடற்கரைச் சபைகளுக்கு ஆராதனை நடன வழிகாட்டி

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள், வலைக்கொட்டகையில் சபைப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்கிக்கொண்டிருந்தேன். பாட்டில் ‘யெகோவா யீரே’ வரும் இடம். இரண்டு கைகளையும் ஏந்தச் சொன்னேன். எல்லாச் சபையிலும் அப்படித்தானே செய்கிறார்கள்! ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஏந்திய கையோடு நின்றபடி, “யீரேன்னா என்னக்கா?” என்று கேட்டது. “தேவன் கொடுப்பார்னு அர்த்தம்” என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது.

ஆதியாகமம் 22-ல், மோரியா மலையில், பலியிடக் கொண்டுபோன மகன் ஈசாக்குக்குப் பதிலாக ஆட்டுக்கடா கிடைத்த இடத்துக்கு ஆபிரகாம் வைத்த பெயர் அது. எபிரெயத்தில் ‘ராஆ’ என்றால் பார்ப்பது. யீரே என்றால் ‘பார்ப்பார்’. கொடுப்பது என்ற சொல்லே அதில் கிடையாது. நம் தமிழ் பைபிள் அந்த வசனத்தில் ‘பார்த்துக்கொள்ளப்படும்’ என்று போட்டிருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் வேறெந்த மொழியிலும் அகப்படுமா என்பது சந்தேகம்தான். “ஸ்கூல் ஃபீஸா? மாமா பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு” என்றால், மாமா ஃபீஸைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகப்போகிறார் என்று யாராவது நினைப்பார்களா? பார்ப்பதும் கவனித்துச் செய்வதும் நமக்கு ஒரே சொல். எபிரெயருக்கும் அப்படித்தான்.

இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை ஏந்திய கையைக் கீழே போட்டது. வலது கையைப் புருவத்துக்கு மேல் குடையாகப் பிடித்து, காலை அகட்டி ஊன்றி, கழுத்தை நீட்டித் தூரத்தில் பார்த்தது. படகு வர நேரமானால் அம்மாக்கள் கரையில் நிற்பார்களே, அந்த நிலை. யாரும் சிரிக்கவில்லை. எங்கள் யீரேவுக்கு அன்றைக்கு அசைவு கிடைத்துவிட்டது.

இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவதும் இதைத்தான். நாமத்துக்குச் சைகை தேடாதீர்கள். அந்த நாமம் எந்த இடத்தில், யாருடைய வாயில், என்ன நெருக்கடியில் பிறந்தது என்று தேடுங்கள். அசைவு தானாக வரும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் பிள்ளைகளுக்குப் பழக்கிய அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். உங்கள் சபைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பெரியவர்களிடம் பேசுவது

பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். சி.எஸ்.ஐ. சபையென்றால் போதகரான ஐயரிடமும் கமிட்டியிலும், பெந்தெகொஸ்தே சபையென்றால் பாஸ்டரிடமும், கத்தோலிக்கப் பங்கென்றால் சாமியாரிடமும் போக வேண்டும்.

“சபையில் ஆட்டம் எதற்கு?” என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். உடனே நம் ஆட்கள் மீகாளை இழுப்பார்கள். தாவீது சணல்நூல் ஏபோத்தைக் கட்டிக்கொண்டு உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் ஆடியதை ஜன்னல் வழியே பார்த்து இகழ்ந்த அவர் மனைவி மீகாள். கேள்வி கேட்கிறவர்களையெல்லாம் மீகாளாக்குவது சரியில்லை. எங்களிடம் பெரியவர் ஒருவர், “ஏம்மா, கன்னுக்குட்டியைச் சுத்தியும் ஆடத்தானே செஞ்சாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. யாத்திராகமம் 15-ல் மிரியாமும் பெண்களும் தம்புரோடு, அதாவது கைப்பறையோடு, ஆடிய நடனத்துக்கும், 32-ல் பொன் கன்றுக்குட்டிக்கு முன்னால் நடந்த ஆட்டத்துக்கும் எபிரெயத்தில் ஒரே சொல்தான்: மெகோலா. ஆட்டத்துக்கென்று தனியாகப் பரிசுத்தம் கிடையாது. முன்னால் யார் இருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. இதை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு முடிந்தது. சினிமா அடவு கிடையாது, உடை முழுசாக மூடியிருக்கும், பாட்டைச் சபையே பாடும் என்ற மூன்று உறுதியையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

கத்தோலிக்கப் பங்குகளுக்கு இரண்டு விஷயம் கூடுதலாக உண்டு. பூசைக்குள் நடனம் வைப்பது சாமியாரின் முடிவு. காணிக்கைப் பவனியில் அடக்கமாகச் செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பூசை முடிந்த பிறகு கலை நிகழ்ச்சியில் வையுங்கள். அடுத்தது நாமம். எபிரெயத்தில் கடவுளின் பெயரான நான்கெழுத்துத் திருநாமத்தை ‘யாவே’ என்று வழிபாட்டுப் பாடல்களிலும் மன்றாட்டுகளிலும் உச்சரிக்க வேண்டாம், ‘ஆண்டவர்’ என்றே சொல்லுங்கள் என்று 2008-ல் வத்திக்கான் எழுதிவிட்டது. ஆகவே பக்கத்துச் சபையில் கேட்ட பாட்டை அப்படியே பூசைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இரண்டாம் படி: நாள் குறிப்பது

நம் கரைக்கு இதைவிட வசதியான காலம் கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பள்ளிக்கூடமும் மே மாதம் லீவு. மற்ற மாதங்களில் கண்ணிலேயே படாத பையன்கள் இப்போது ஊரில் இருப்பார்கள். இன்னொன்றைக் கவனியுங்கள். பெந்தெகொஸ்தே ஞாயிறு ஈஸ்டரைப் பொறுத்து மாறும் என்றாலும், மே 10-க்கு முன்னால் வராது, ஜூன் 13-ஐத் தாண்டாது. எந்த வருஷமானாலும் தடைக்காலத்துக்குள்தான் விழும். பெந்தெகொஸ்தேயே எபிரெயரின் வாரங்களின் பண்டிகையிலிருந்து வந்ததுதான். எபிரெய நாமங்களுக்கு ஆட அந்த ஞாயிறு போதாதா?

ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கினால் வாரம் இரண்டு நாள் பழகினாலே போதும். வெயில் தாழ, ஐந்தரை மணிக்கு மேல் வையுங்கள்.

மூன்றாம் படி: நாமத்தை வாயால் சரியாகச் சொல்வது

முதல் இரண்டு வகுப்பில் ஆட விடாதீர்கள். உட்காரவைத்துப் பேசுங்கள்.

எபிரெய பைபிளில் கடவுளின் சொந்தப் பெயர் நான்கு எழுத்து: யோத், ஹே, வாவ், ஹே. நான்கும் மெய்யெழுத்து. யூதர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வாசிக்கும்போது ‘அதோனாய்’, அதாவது ஆண்டவர், என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அதை நினைவூட்ட அதோனாயின் உயிர்க்குறிகளை அந்த நான்கெழுத்தோடு சேர்த்து எழுதினார்கள். பிற்காலத்தில் அதைச் சேர்த்தே வாசித்ததில் பிறந்ததுதான் ‘யெகோவா’. நம் பைபிளில் பெரும்பாலும் ‘கர்த்தர்’ என்றிருப்பது அந்த நான்கெழுத்துக்குத்தான். சில இடங்களில் மட்டும் ‘யேகோவா’ என்றே அச்சாகியிருக்கும். நாம் அன்றாடம் சொல்லும் அல்லேலூயாவிலும் அதன் சுருக்கம் உட்கார்ந்திருக்கிறது. ‘ஹலேலு’ என்றால் துதியுங்கள், ‘யா’ அந்தப் பெயர்.

யூதர்கள் சொல்லவே தயங்கும் பெயர் இது என்று தெரிந்தால், பிள்ளைகள் அதைக் கூச்சல் போட்டுப் பாட மாட்டார்கள். நான் கண்ட பலன் இது. அப்புறம், இதே காரணத்துக்காக யூதர்களின் ஜெபச் சால்வை, கொம்பு வாத்தியம் இவற்றையெல்லாம் மேடைப் பொருளாக்குவதையும் விட்டுவிடலாம். வேறொருவர் வீட்டுப் பூஜைப் பாத்திரத்தை நாடகத்துக்கு எடுப்பதுபோல் அது.

உச்சரிப்பில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘எல் ரோயீ’ என்பதும் 23-ஆம் சங்கீதத்து ‘யெகோவா ரோயீ’ என்பதும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் கேட்கும். முதலாவது ‘காண்கிற தேவன்’, எபிரெயத்தில் அலெஃப் எழுத்து. இரண்டாவது ‘கர்த்தர் என் மேய்ப்பர்’, அயின் எழுத்து. ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தபோது நாங்களே எல் ரோயீக்குரிய ஆகார் படத்துக்குக் கீழே மேய்ப்பரை எழுதிவிட்டோம். ஞாயிறு காலை வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பிள்ளைகளுக்கு எபிரெயம் அந்நியமாகத் தெரிந்தால் அவர்கள் பெயரிலிருந்தே ஆரம்பியுங்கள். மிக்கேல் என்றால் ‘கடவுளுக்கு நிகர் யார்?’ எலிசபெத், தானியேல், சாமுவேல் எல்லாவற்றிலும் ‘எல்’, அதாவது கடவுள், இருக்கிறது. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் ஊரே கும்பிடும் சந்தியாகப்பரின் பெயர், போர்த்துக்கீசியரின் ‘சான்தியாகோ’ வழியாக வந்த யாக்கோபுதான். ஓரியூரில் 1693-ல் தலை வெட்டப்பட்ட ஜான் டி பிரிட்டோவை நாம் அருளானந்தர் என்கிறோம். யோவான் என்ற பெயருக்கு எபிரெயத்தில் ‘யெகோவா அருள்செய்தார்’ என்று பொருள். எபிரெயம் இந்தக் கரைக்கு எப்போதோ வந்து குடியேறிவிட்டது. நாம்தான் அடையாளம் தெரியாமல் இருக்கிறோம்.

நான்காம் படி: நாமத்தின் ஊருக்குப் போவது

ஒரு பாட்டுக்கு மூன்று அல்லது நான்கு நாமம் போதும். பன்னிரண்டு நாமத்தையும் நான்கு நிமிஷத்தில் அடுக்கினால் வருகைப் பதிவேடு வாசித்த மாதிரி ஆகிவிடும். நாங்கள் எடுத்தவை ரோயீ, யீரே, ரப்பா, நிசி. யீரேவை மேலேயே சொல்லிவிட்டேன்.

எல் ரோயீ, ஆதியாகமம் 16. கர்ப்பிணியான அடிமைப்பெண் ஆகார், வீட்டை விட்டு ஓடி வனாந்தரத்தில் நீரூற்றண்டை உட்கார்ந்திருக்கிறாள். பைபிளில் கடவுளுக்குப் பெயர் வைத்த முதல் ஆள் அவள்தான். ஆபிரகாம் இல்லை, மோசே இல்லை, வேலைக்காரப் பெண். இதற்குத் துள்ளல் கூடவே கூடாது. ஆடுகிறவள் தரையில் முழங்காலை மடித்து, முந்தானையால் முகத்தை மறைத்து உட்காரட்டும். நாமம் வரும்போது முந்தானையை விலக்கி முகத்தைக் காட்டினால் போதும். பார்க்கப்படுகிறவளின் முகம்தான் இங்கே நடனம்.

யெகோவா ரப்பா, யாத்திராகமம் 15. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நம் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான கதை இது. மிரியாம் தம்புரெடுத்து ஆடிய அதே அதிகாரம். ஆட்டம் முடிந்து புறப்பட்ட இஸ்ரவேலருக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லை. மாரா என்ற இடத்துக்கு வந்தால் தண்ணீர் கசக்கிறது. கர்த்தர் காட்டிய மரத்தைப் போட்டதும் இனிக்கிறது. அங்கேதான் ‘நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்’ என்ற சொல் வருகிறது. பரிகாரி என்றால் குணமாக்குகிறவர், ரப்பா என்பது அதுதான். ராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்குக் கசக்கிற தண்ணீரை விளக்க வேண்டியதில்லை. “உங்க தெருவுல எந்தக் குழாய்த் தண்ணி குடிக்க ஆகாது?” என்று கேட்டேன். ஆளுக்கொரு குழாயைச் சொன்னார்கள். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பது, மூடியில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்ப்பது, முகத்தைச் சுளிப்பது எல்லாம் அவர்களே செய்து காட்டியதுதான். குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும் நடையே எங்கள் ரப்பாவின் தொடக்கம். அள்ளிக் குடித்து, சுளித்து, துப்பி, கடைசியில் ஒருத்தி அள்ளியதை அடுத்தவளுக்குக் கொடுப்பதில் முடியும்.

ரப்பா என்ற சொல்லைப் பற்றி இன்னொரு செய்தி. கிழிசலைத் தைப்பதைக் குறிக்கும் அரபி ‘ரஃபா’வோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள் அகராதிக்காரர்கள். தையல்கடையில் ‘ரஃபு அடிக்கிறது’ என்கிறோமே, அதுவும் அந்த வழியில் வந்ததுதான். நாங்கள் பழகிய கொட்டகையிலேயே ஒரு தாத்தா கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் அவர் விரலைப் பார்த்தே, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு நூல் போவதுபோல் கோத்து வட்டத்தை மூடினார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. முன்வரிசையில் ஆஸ்பத்திரிக்கு அலைந்து களைத்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கட்டிலில் கிடப்பவர் நடனம் முடிவதற்குள் எழுந்து குதிக்கிற மாதிரி அமைக்காதீர்கள். அவர்களுக்கு அது ஆறுதலாகவும் இருக்காது, உண்மையாகவும் இருக்காது.

யெகோவா நிசி, யாத்திராகமம் 17. ‘என் கொடி’ என்று பொருள் என்றதும் எல்லோரும் கொடியைத் தேடி ஓடுகிறார்கள். கதையைப் படித்தால் அங்கே துணிக்கொடி கிடையாது. ‘நேஸ்’ என்பது உயரத் தூக்கி நிறுத்தும் கம்பம். எண்ணாகமத்தில் வெண்கலச் சர்ப்பத்தைத் தூக்கிவைத்த கம்பத்துக்கும் இதே சொல்தான். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மோசே மலைமேல் கையைத் தூக்கி நிற்கிறார். கை தாழ்ந்தால் தோல்வி, உயர்ந்தால் வெற்றி. கை அசந்துபோகிறது. கல்லில் உட்காரவைத்து ஆரோனும் ஊரும் ஆளுக்கொரு பக்கம் தாங்குகிறார்கள், சூரியன் அஸ்தமிக்கும் வரை. ஊர் என்பது இரண்டாமவரின் பெயர். எங்கள் கூட்டத்துப் பொடியன் ஒருவனுக்கு அது பிடிபடவில்லை. “ஊரே வந்து தாங்குச்சாக்கா?” என்றான். அவன் கேட்டபடியே வைத்துக்கொண்டோம். நடுவில் நிற்பவனின் கை மெதுவாக இறங்கும். நடிப்பு வேண்டாம், பாட்டு முழுக்கத் தூக்கிவைத்திருந்தால் உண்மையிலேயே இறங்கும். அப்போது சபையில் முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் எழுந்து வந்து தாங்க வேண்டும். யார் என்று முன்பே சொல்லிவையுங்கள். வலிக்கும் கைதான் நிசி. துணி தேவையே இல்லை.

ஷாலோம், ஷம்மா இரண்டும் பாட்டில் வந்தால் சுருக்கமாக: ஷாலோம் (நியாயாதிபதிகள் 6) ஆலைக்குள் ஒளிந்து கோதுமை போரடித்த கிதியோன் பயம் தெளிந்து கட்டிய பலிபீடத்தின் பெயர், குனிந்த முதுகு நிமிர்வது போதும். ஷம்மா எசேக்கியேல் புத்தகத்தின் கடைசிச் சொல், ‘கர்த்தர் அங்கே இருக்கிறார்’. அசையாமல் நின்றாலே நன்றாக இருக்கும்.

ஐந்தாம் படி: வட்டமும் தாளமும்

சங்கீதம் 149, 150 இரண்டிலும் நடனம் என்று வரும் சொல் ‘மகோல்’. சுற்றி ஆடுவதைக் குறிக்கும். பண்டிகைக்கு எபிரெயச் சொல் ‘ஹக்’; கீழக்கரை முஸ்லிம்கள் போகும் ஹஜ்ஜுக்கும் அதற்கும் ஒரே வேர். மிரியாமின் தம்புர் எபிரெயத்தில் ‘தோஃப்’. அரபியில் தஃப், அதற்கும் உறவுதான்.

இவ்வளவு இருக்க, யூடியூபில் பார்த்த வெளிநாட்டு அடவை அரைகுறையாகப் பிடிப்பானேன்? நம்மிடம் கும்மி இருக்கிறது. பாட்டிக்குத் தெரியும், அம்மாவுக்குப் பாதி தெரியும். பையன்களுக்கு ஒயிலாட்டம் சொல்லிக்கொடுங்கள். கையில் துணி, வரிசை, ஒரே கால்வைப்பு, முரட்டுத்தனத்துக்கும் இடமுண்டு. பரதம் முறையாகக் கற்ற பிள்ளை இருந்தால் நல்லதுதான். திருச்சி கலைக்காவிரி கல்லூரி பரதத்தில் பைபிளைச் சொல்லிக் காட்டியிருக்கிறது. ஆனால் ஒருத்திக்கு மட்டும் முத்திரை தெரிந்து மற்றவர்கள் பின்னால் நிற்பதாக இருந்தால் கும்மிக்கே திரும்பிவிடுங்கள்.

வட்டமாக ஆடினால் பாதிப்பேரின் முதுகு சபைக்குத் தெரியும். அது பரவாயில்லை. யாருக்கு முன்னால் ஆடுகிறோம் என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்கே உறைக்கும். கூடம் குறுகலென்றால் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கும்மி பெரும்பாலும் மூன்று மூன்றாகப் போகும், கீபோர்டுக்காரர் நான்கு நான்காக வாசிப்பார். முதல் வாரமே கும்மி பழக்குகிறவரையும் அவரையும் உட்காரவைத்துத் தாளத்தை முடிவு செய்யாவிட்டால் கடைசி வாரம் சண்டை வரும்.

ஆறாம் படி: துணி, கொடி, காற்று

கொடியே வேண்டாம் என்று நிசியில் சொன்னேன். பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். சரி, வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலையே காற்றுக்காக நிறுத்திவைக்கும் ஊர் பாம்பன். அதை மறந்து கரையில் நடந்த கூட்டத்துக்கு இரண்டு மீட்டர் சாட்டின் கொடியோடு போனோம். முதல் வீச்சிலேயே கொடி காற்றை வாங்கிக்கொண்டு, பிடித்திருந்த பிள்ளையைப் பக்கவாட்டில் இழுத்து, மைக் ஸ்டாண்டைச் சுற்றி, பேசிக்கொண்டிருந்தவரின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அன்றிலிருந்து வெளியில் ஆடினால் ஒரு முழத் துணிக்கு மேல் கிடையாது. ஒயிலாட்டத் துணிதான் சரியான அளவு.

கூடத்துக்குள் என்றால் ஒரு மீட்டர் வரை போகலாம். பழைய ஷிஃபான் சேலை நன்றாக மிதக்கும், வாங்கவும் வேண்டாம். கம்புக்கு எலக்ட்ரிகல் ஒயரிங் பைப் இலேசானது. இரண்டு முனையிலும் டேப் சுற்றுங்கள். மூங்கில் சிம்பு கையில் ஏறும். கொடி ஆடும் இடத்துக்கு மேலே சீலிங் ஃபேன் இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இருந்தால் அந்த ஐந்து நிமிஷத்துக்கு நிறுத்த ஒருவரைச் சுவிட்ச் பக்கத்தில் நிறுத்துங்கள்.

உடை பருத்தி. கணுக்கால் வரை பாவாடை, உள்ளே லெகிங்ஸ், முழுக்கை. துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்துங்கள். தரை டைல்ஸ் என்றால் வெறுங்காலில் வியர்வை வழுக்கும், ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

ஏழாம் படி: அந்த ஞாயிறு

காலையில் ஒரே ஒரு முறை மட்டும் ஆடிப் பாருங்கள், முழு வேகத்தில் வேண்டாம். நடனத்துக்கு முன்னால் ஒருவர் எழுந்து அந்த நான்கு நாமமும் எந்த அதிகாரத்தில் வருகிறது என்று சொல்லட்டும். இரண்டு நிமிஷம், பிரசங்கம் ஆகாமல். பாட்டின் வரியைச் சுவரில் போட முடிந்தால் போடுங்கள், சபை பாட வேண்டும். வீடியோ எடுக்க ஒருவரை மட்டும் நியமியுங்கள், இல்லையென்றால் எல்லா அப்பாக்களும் நடுவில் வந்து நிற்பார்கள். முடிந்ததும் கைதட்டலுக்கு நிற்காமல் பிள்ளைகள் அவரவர் வீட்டாரோடு போய் உட்காரட்டும். மூச்சு வாங்கும், தண்ணீர் தயாராக இருக்கட்டும்.

ஜூன் 14 முடிந்ததும் பையன்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். அதற்குள் துணிகளை வாங்கி வைத்துவிடுங்கள். கரையில் ஆடியது என்றால் உப்பு ஏறியிருக்கும், நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி நிழலில் காயப்போடுங்கள். பைப்புகளைக் கட்டி, யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று எழுதிவையுங்கள். போன தடவை நாங்கள் எழுதவில்லை. ஒன்று கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாளாக மாறியிருந்தது.